பாடியில் திருப்தி உண்டா?

மனிதகுல வரலாற்றில் அடுத்தவர் தாம்பத்திய சுகத்துக்காக இடுப்புப் பிடித்துக்கொண்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். சாதாரணப் பிடிப்பு இல்லை. உட்கார்ந்தால் எழ முடியாது. எழுந்தால் நிமிர முடியாது. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டும். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை ஜீப் ரோட்டிலிருந்து தொண்ணூற்று நான்கு படி ஏற்றி, பதினாலாம் நம்பர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டதன் பலன் அது.

பதினாறு வயதில் உர மூட்டை சுமந்தவன் நான். ஐம்பது கிலோ மூட்டை என் முதுகை ஒன்றும் செய்ததில்லை. மூட்டைக்குக் காது உண்டு, பிடித்துக்கொள்ளலாம். சோபாவுக்கு அதுவும் கிடையாது. பஞ்சு வைத்துத் தைத்த எந்தப் பொருளும் கூலிக்காரன் முதுகை மதிப்பதில்லை.

பந்தலூரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். போர்டில் 'ஆனிவேல் எஸ்டேட்' என்று இருக்கும். ஆனி என்ற வெள்ளைக்காரச் சீமாட்டியின் பேரில் வைத்ததாம். தொழிலாளர் வாயில் நுழைந்த அன்றே அது ஆணிவேர் தோட்டம் ஆகிவிட்டது. நான் அங்கே வெல்ஃபேர் கிளார்க். பெயர் பாலமுருகன். தொழிலாளர் நலன் முழுவதும் என் மேஜைக்குத்தான் வரும். பெரும்பாலும் மேஜையைத் தாண்டிப் போகாது.

சோபாவின் மறுமுனையைப் பிடித்தவன் நவநீதன். ஃபேக்டரியில் இலை காயவைக்கும் டிரையர் ஓட்டுபவன், இருபத்தேழு வயது. தனி வீடு கேட்டவர்கள் லிஸ்ட்டில் முதல் பெயர் அவனுடையது. பதினாலாம் நம்பரில் இருந்த குடும்பம் ரிட்டையர் ஆகித் திருப்பூர் போனதும், அந்த வீடு நவநீதனுக்கு என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். பாதிப் படியில் சோபாவை இறக்கி மூச்சு வாங்கியபோது அவன் கேட்டான்.

"அண்ணே, என் வீட்டுக்கு எதுக்குண்ணே சோபா? நான் கேக்கலையே."

"இது உன் வீட்டுக்கு இல்லடா. ஆலோசனை மையத்துக்கு."

"மையம் எங்க வருது?"

"பதினாலாம் நம்பர்ல."

அவன் சோபாவிலிருந்து கையை எடுத்தான்.

"அப்ப நான்?"

"நீதாண்டா முதல் பயனாளி" என்றேன். அரசாங்கமோ கம்பெனியோ, ஒருவனுக்கு ஒன்றும் கொடுக்காதபோது அவனுக்குக் கொடுக்கும் பட்டம் அது. அவன் சோபாவைத் தூக்கினான். மீதி நாற்பத்தேழு படியும் கனம் முழுக்க என் பக்கமே சாய்ந்து வந்தது. இடுப்பு அங்கேதான் போனது.

மையத்தின் வரலாறு மகத்தானது. எங்கள் கம்பெனியின் ஹெட் ஆபீஸ் ஒரு சர்வே எடுத்தது. தோட்டத்தில் இளம் தம்பதிகள் ஏன் அடிக்கடி லீவு போடுகிறார்கள், கொழுந்து ஏன் குறைகிறது என்று ஆராய்ந்தது. அட்டைக்கடி, மழை, யானை, முதுகுவலி ஆகிய காரணங்களைத் தொழிலாளர் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஏமாறவில்லை. உண்மையான காரணம் 'தாம்பத்தியத் திருப்தியின்மை' என்று கண்டுபிடித்தார்கள். விளைவுதான் 'இல்லற இன்ப மேம்பாட்டுத் திட்டம்'. அதன் முழக்கம்: 'இனிக்கும் இல்லறம், கொழிக்கும் கொழுந்து'.

மேனேஜர் அஸ்வந்த் ஆபீஸ் ஹாலில் கூட்டம் போட்டார். வயது முப்பத்தொன்று. கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். பேன்ட் போட்டுக்கொண்டு மேட்டில் நின்று பேசுபவர் எவரையும் நாங்கள் தொரை என்றுதான் கூப்பிடுவோம். இவரும் தொரைதான்.

"நம்ம தப்பு என்ன தெரியுமா? நாம கொழுந்தைப் பாக்கறோம். அதைப் பறிக்கற கையைப் பாக்கறதில்ல. கைக்குப் பின்னால ஒரு மனசு இருக்கு. மனசுக்குப் பின்னால ஒரு பெட்ரூம் இருக்கு."

யூனியன் செயலாளர் மயில்சாமி கையைத் தூக்கினார்.

"ஏனுங்க தொரை, கடைசியாச் சொன்னீங்களே ஒண்ணு, அது நம்ம தோட்டத்துல எங்கீங்க இருக்குது?"

"மயில்சாமி, அது ஒரு உருவகம்."

"சரிங்க. உருவகத்துல எத்தனை பேரு படுக்கலாமுங்க?"

'உறுப்பினர் ஓர் ஐயம் எழுப்பினார். அது தெளிவுபடுத்தப்பட்டது' என்று மினிட்ஸில் எழுதினேன். பதினோரு வருஷ சர்வீஸில் நான் கற்றுக்கொண்ட உரைநடை அது.

திட்டத்தின் விதிகள் எளிமையானவை. கல்யாணம் நிச்சயமான ஜோடி மூன்று அமர்வு ஆலோசனை பெற வேண்டும். பெற்றால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் தனி வீட்டுக்கு மனுப் போடலாம். ஆலோசனைக்குத் தனிமை முக்கியம். தனிமைக்குத் தனி வீடு முக்கியம். தோட்டத்தில் காலியாக இருந்த தனி வீடு பதினாலாம் நம்பர் ஒன்றுதான். இந்தத் தர்க்கத்தில் நீங்கள் எங்கே ஊசி குத்தினாலும் இறங்காது.

வீட்டுக்குப் பீச் கலரில் பெயின்ட் அடித்தார்கள். கதவுக்கு உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். ஜன்னலுக்குத் திரை. நாற்பது வருஷமாக ஒழுகிய கூரைக்கு ஒரே வாரத்தில் புதுத் தகரம். இன்பம் என்று வந்துவிட்டால் எங்கள் கம்பெனி வேகமாகத்தான் வேலை செய்யும்.

இதற்கு மேல் போவதற்குமுன் ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்குப் 'பாடி' என்று பெயர். கேரள எல்லை கூப்பிடு தூரம் என்பதால் அங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். நவநீதனின் பாடியில் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. உள்ளே அப்பா சுடலை, அம்மா பேச்சியம்மா, அண்ணன் ரமேஷ், அண்ணி சசிகலா, அவர்கள் பிள்ளைகள் இரண்டு. ரூமின் நடுவே ஒரு பழைய சேலை கட்டியிருக்கும். சேலைக்கு இந்தப் பக்கம் பெரியவர்கள், அந்தப் பக்கம் ரமேஷ் குடும்பம். நவநீதன் அடுப்புக்குப் பக்கத்தில்.

அவனுக்கு நிச்சயம் செய்த பெண் ரேகா. அடுத்த டிவிஷனில் கொழுந்து பறிப்பவள், வயது இருபத்து நாலு. நிச்சயமாகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. "தனிப் பாடி கெடச்சாத்தான் தாலி" என்று சொல்லிவிட்டாள். திமிர் என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேலைக்குப் பின்னால் வளர்ந்தவள், சேலைக்குப் பின்னால் குடும்பம் நடத்த மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான்.

முதல் அமர்வு ஏப்ரலில் நடந்தது. கோயமுத்தூரிலிருந்து ஆலோசகர் டாக்டர் ஷண்முகப்ரியா வந்தார். குறிப்பு எடுக்க ஆபீஸ் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. பயனாளிகளின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதும் விதி. இரண்டையும் காப்பாற்ற என் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"வாங்க தம்பி, வாங்க அம்மிணி. கூச்சப்படாதீங்க. இங்க பேசறது ஒண்ணும் வெளிய போகாதுங்க" என்றார் டாக்டர். நான் எழுதிக்கொண்டேன்.

"மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோணும். தாம்பத்தியத்துக்கு அடிப்படையே பாடிதானுங்க. ஒத்துக்கறீங்களா?"

ரேகா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"அதைத்தான் மேடம் ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒருத்தரும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க."

"சபாஷ்! நெறையப் பொண்ணுங்க இதை வாயத் தொறந்து சொல்லவே கூச்சப்படுவாங்க. தம்பி, நீங்க சொல்லுங்க. உங்க பாடியைப் பத்தி என்ன நெனைக்கறீங்க?"

"ரொம்பப் பழசு மேடம்" என்றான் நவநீதன். "வெள்ளக்காரன் காலத்துது."

"அப்படியெல்லாம் சொல்லப்படாது. இருவத்தேழு வயசுதானே ஆகுது?"

"மேல எல்லாம் ஓட்டையாப் போச்சு மேடம். மழை புடிச்சா நாலு எடத்துல ஒழுகும். கீழ சட்டி வச்சுப் புடிப்போம்."

பேனா நின்றது. டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை நாளாத் தம்பி இப்படி?"

"எங்கப்பா காலத்துல இருந்தே. பரம்பரையா ஒழுகுது."

"யாருகிட்டயாச்சும் காட்டுனீங்களா?"

"தொரைகிட்டக் காட்டினேன். சுத்திச் சுத்திப் பாத்தாரு. தட்டிப் பாத்தாரு. இன்னும் பத்து வருஷம் தாங்கும்னுட்டுப் போயிட்டாரு."

பிறகு டாக்டர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ரேகாவிடம் கேட்டார்.

"அம்மிணி, நீங்க... இவரு பாடியைப் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம எப்படி மேடம்? நிச்சயத்துக்கு முன்னாடியே எங்கம்மா, அத்தை, சித்தி எல்லாரும் ஜீப்புல போயிப் பாத்துட்டு வந்தோம்."

"எல்லாருமா?"

"பின்ன? நாளைக்கு நான் காலந்தள்ள வேண்டியது அதுலதானே. உள்ள நொழைஞ்சு பாத்தா ரொம்பச் சின்னது மேடம்."

"சின்னதுதான்" என்று ஒப்புக்கொண்டான் நவநீதன். "ஆனா ஏழு பேரு அதுலதான் சமாளிக்கறோம்."

டாக்டர் நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டார். இனியும் சுவரைப் பார்த்திருப்பது பாவம் என்று நான் திரும்பி, "மேடம், எங்க ஊர்ல பாடின்னா வீடுங்க" என்றேன்.

அவர் கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ஐந்து நிமிஷம் தோள் குலுங்கியது. இதுவும் ஆலோசனையில் ஒரு கட்டம் போலிருக்கிறது என்று நாங்கள் மூவரும் மரியாதையாகக் காத்திருந்தோம்.

முகம் துடைத்தபின் டாக்டர் பயிற்சிக்கு வந்தார். கோயமுத்தூர் ஜோடிகளுக்கெல்லாம் அவர் கொடுக்கும் பயிற்சி அது.

"தெனம் ஒரு மணி நேரம். கதவைச் சாத்திட்டு, ரெண்டு பேரும் கையைப் புடிச்சிட்டு, மனசு விட்டுப் பேசோணும். பேசாட்டியும் பரவால்ல. கூட இருந்தாப் போதும்."

"எங்க மேடம்?" என்றாள் ரேகா.

"உங்க ரூம்லதானுங்க."

நாங்கள் மூவரும் அவரைப் பார்த்தோம். அவருக்கே புரிந்துவிட்டது. கெட்டிக்காரர். "சரி, இங்கயே பண்ணுங்க. நாங்க வெளிய இருக்கறோம்" என்று எழுந்தார்.

வெளியே சாரல். டாக்டரும் நானும் குடை பிடித்துக்கொண்டு டீ குடித்தோம். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இல்லை. கடமை காரணமாகவும், ஓரளவு வேறு காரணமாகவும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். நவநீதன் சோபாவின் ஒரு கோடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ரேகா மறுகோடியில் கைப்பிடிமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் மூன்றாவது ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவன் நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவன். அவள் காலையிலிருந்து மதியம்வரை கொழுந்துப் பையோடு மேடு ஏறியவள்.

எழுப்பியதும் ரேகா வெட்கப்பட்டாள். "மன்னிச்சுக்கங்க மேடம். இவ்வளவு சத்தமில்லாத எடத்துல நான் இதுவரைக்கும் தூங்கினதே இல்ல."

டாக்டர் படிவத்தில் எழுதினார்: 'திருப்தி – பத்துக்குப் பத்து.'

மூன்று அமர்விலும் தூங்கினார்கள். சான்றிதழ் கிடைத்தது. பூவேலைப்பாடு போட்ட கெட்டிக் காகிதம், தொரை கையெழுத்து. அதை மடிக்காமல் எடுத்துக்கொண்டு ரேகா என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, சான்றிதழ் இருக்கு. வீடு எங்க?"

நான் தொரையிடம் போனேன். "திட்டம் டேக் ஆஃப் ஆகற நேரம் பாலமுருகன். மூணு மாசத்துல மையத்தை ஆபீஸ் பக்கம் மாத்திடலாம். இப்போதைக்குக் கல்யாணத்தை முடிக்கச் சொல்லுங்க. முதல் பயனாளியே கல்யாணம் பண்ணலைன்னா ரிப்போர்ட் நல்லா இருக்காது" என்றார்.

திரும்பி வந்து சொன்னேன். "மூணே மாசம். பதினாலாம் நம்பர் உனக்குத்தான்."

"இது ஆபீஸ் வார்த்தையா, உங்க வார்த்தையா?"

எனக்குக் கோபம் வந்தது. "என் வார்த்தைதான். போதுமா?"

"போதும்ணே" என்றாள். "உங்கம்மாகூட ஒரே வரிசையில கொழுந்து எடுத்திருக்கேன். அந்தம்மா எடை ஏத்தப் பையில கல்லுப் போட்டு நான் பாத்ததில்ல."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ரேகா அந்த ஒரு ரூம் பாடிக்குள் எட்டாவது ஆளாகப் போனாள். பெரியவர்கள் நல்லவர்கள். புது ஜோடிக்காகச் சமையல்கட்டுக்கும் ஒரு சேலை கட்டினார்கள்.

அடுத்து வந்த மாதங்கள்தான் திட்டத்தின் பொற்காலம். கல்யாணத்துக்குப் பின் 'பின்தொடர் ஆலோசனை' என்று விதிகளில் ஒரு வரி இருந்தது. யாரும் கவனிக்காத வரி. ரேகா கவனித்தாள். "அண்ணே, எங்களுக்கு ஆலோசனை பத்தல" என்று வந்து நின்றாள். டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். சாவி என்னிடம். ரெஜிஸ்டரில் 'சுய ஆலோசனை' என்று ஒரு புதுக் கட்டம் போட்டேன். ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து மூன்று, நவநீதன் – ரேகா.

மறுவாரம் அண்ணி சசிகலா வந்தாள்.

"ஏம்ணே, புதுசாக் கட்டினவங்களுக்குத்தான் பிரச்சனை வருமா? எங்களுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம். ஆலோசனைக்குன்னு ஒரு அரை மணி நேரம் கெடச்சதில்ல."

"உனக்கு ரெண்டு புள்ள இருக்கே சசிகலா."

"அதெல்லாம் மூச்சுக் காட்டாமப் பெத்ததுண்ணே. தீபாவளிக்கு ஊர்ல யாரும் இல்லாதப்ப."

ஞாயிறு மூன்றிலிருந்து நாலு, ரமேஷ் – சசிகலா. பிறகு மேல் பாடியிலிருந்து ஆறு ஜோடி. கீழ் பாடியிலிருந்து ஒன்பது. வேலை நாளில் மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை அரை மணிக்கு ஒரு ஜோடி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் இருக்கும் ஒழுங்கைவிட என் வாசலில் ஒழுங்கு அதிகமாக இருந்தது. சண்டையும் இருந்தது.

"நேத்து அவங்க பத்து நிமிஷம் கூட எடுத்துக்கிட்டாங்கண்ணே."

"பிரச்சனை பெருசுடா அவங்களுக்கு."

"எங்களுக்கு மட்டும் சின்னதா?"

ஒரு நாள் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு சுடலை வந்தார். நவநீதனின் அப்பா. அறுபத்தொரு வயது. சிலோனிலிருந்து ஐந்து வயதில் கப்பல் ஏறி வந்தவர். பத்தடி தள்ளிப் பேச்சியம்மா குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, எங்க பேரையும் பதிஞ்சுக்க."

"மாமா, இது கல்யாணத்துக்கு முந்தி வாங்குற ஆலோசனை."

"இந்தத் தோட்டத்துல எது தம்பி நேரத்துக்குக் கெடச்சுது? சம்பளமா, கம்பளியா? முப்பத்தஞ்சு வருஷம் பிந்திப் போச்சு. பதிஞ்சுக்க."

குடைக்குள்ளிருந்து பேச்சியம்மா குரல் வந்தது. "நீ வேற நெனச்சுக்காத பாலமுருகா. கால நீட்டிப் படுக்கணும், அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தான்" என்றார் சுடலை. ஆனால் சிரித்தார்.

செவ்வாய் மாலை ஐந்து. சுடலை – பேச்சியம்மா. எங்கள் தோட்டத்தின் மிக மூத்த பயனாளிகள்.

கிராஃப் ஏறியது. தொரை அதைப் பெரிதாக அச்சிட்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினார். கோயமுத்தூர் டாக்டர் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாலமுருகன், நான் மூணு வாரமா வரவே இல்லீங்க. எழுவத்தி ரெண்டு அமர்வு நடந்திருக்குது. ஆரு ஆலோசனை சொன்னது?"

"தாழ்ப்பாள்தாங்க மேடம்."

அவர் சிரிக்கவில்லை. அன்றே உட்கார்ந்து நான்கு பக்க ரிப்போர்ட் எழுதினார். 'இந்தத் தம்பதிகளுக்கு ஆலோசனை தேவையில்லை. வீடு தேவை' என்று முதல் வரி. நேர்மையான பெண்மணி. அந்த ரிப்போர்ட்டில் 'வீடு' என்ற சொல் முப்பத்தொரு முறை வந்தது. எண்ணியது நான்தான். டைப் அடித்ததும் நான்தான்.

தொரை படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ரொம்ப நெகட்டிவா இருக்கே. ஒண்ணு பண்ணுங்க. வீடுன்னு வர்ற எடத்துல எல்லாம் மையம்னு மாத்திடுங்க. கம்ப்யூட்டர்ல ஒரே அமுக்குத்தானே?"

ஒரே அமுக்குத்தான். அமுக்கினேன். வேற்றுமை உருபுகளையும் விடவில்லை. 'ஒவ்வோர் இளம் தம்பதிக்கும் மையம் தேவை' என்று ரிப்போர்ட் கம்பீரமாகத் தொடங்கியது. 'மாமனார் மையத்தில் நிம்மதி இல்லை.' 'மையக்காரர் நைட் ஷிஃப்டுக்குப் போனபின் மையக்காரம்மா தனியே உறங்க இடமில்லை.' ஹெட் ஆபீஸுக்கு அந்த நடை மிகவும் பிடித்துவிட்டது. மக்கள் மொழியில் எழுதப்பட்ட முதல் ரிப்போர்ட் என்று பாராட்டினார்கள். டாக்டருக்கு நன்றிக் கடிதமும் சால்வையும் அனுப்பினார்கள். ரிப்போர்ட்டின் நகலை அனுப்பவில்லை. அவருடைய ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிந்தது.

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. ரேகா ஒவ்வொரு ஞாயிறும் சாவி வாங்க வரும்போது ஒரே கேள்வி கேட்பாள். "எப்பண்ணே?" நான், "மேல பேசிக்கிட்டு இருக்கேன்" என்பேன். மேலே என்பது எங்கள் தோட்டத்தில் மேகத்தைக் குறிக்கும்.

மார்ச்சில் மதிப்பீட்டு அதிகாரி சுரேந்திரன் வந்தார். ஹெட் ஆபீஸில் இன்பத்துக்குப் பொறுப்பான உயர் அதிகாரி. மையத்து சோபாவில் உட்கார்ந்துகொண்டு பயனாளிகளை ஒவ்வொருவராகப் பேட்டி எடுத்தார். தொரை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதல் பயனாளி என்ற முறையில் ரேகாவைக் கூப்பிட்டோம். ஆறு மாத வயிறு. திட்டத்தின் முதல் கனி என்று சொல்லித் தொரை அறிமுகப்படுத்தினார்.

சுரேந்திரன் படிவத்தைப் பார்த்து ஒரு கேள்வியை உச்சரித்தார். "உங்களுக்குப் பாடியில திருப்தி உண்டாம்மா?"

ரேகா யோசிக்கவே இல்லை. "இந்தப் பாடியில உண்டு சார். எங்க பாடியில இல்ல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கண் கலங்கியதுபோல் இருந்தது.

"கேட்டீங்களா அஸ்வந்த்? இந்தப் பாடி, எங்க பாடி! தான் வேற, தாம்பத்தியம் வேறன்னு பிரிச்சுச் சொல்றாங்க. பெரிய படிப்பு படிச்சவங்களுக்கே இந்தத் தெளிவு வராது."

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"புரியுதும்மா. எழுதிக்கிட்டேன். எழுதிக்கிட்டேன்."

ரேகா என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அதிகாரியிடம் எடுத்துச் சொல்ல அந்த அறையில் அவளுக்கு இருந்தவன் நான் ஒருவன்தான். தொரையும் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் திரையைச் சரிசெய்தேன்.

மே மாதம் கடிதம் வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அதை வாசித்துக் காட்டும் பெருமை எனக்குக் கிடைத்தது. ஆனிவேல் எஸ்டேட்டில் தாம்பத்தியத் திருப்தி தொண்ணூற்றெட்டு சதவீதம். தென்னிந்தியாவின் எல்லாத் தோட்டங்களுக்கும் முன்மாதிரி. மேனேஜருக்குப் பதவி உயர்வு, கொச்சிக்கு மாற்றம். எனக்கு 'இல்லற இன்ப ஒருங்கிணைப்பாளர்' என்ற பட்டம், ஒரு அடையாள அட்டை. பதினாலாம் நம்பர் இனி நிரந்தர மையம். கடைசிப் பத்தியை வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியது. 'தனி வீடின்றியே இல்லற இன்பம் முழுமையாகச் சாத்தியம் என்பதை ஆனிவேல் தம்பதிகள் நிரூபித்துவிட்டதால், உத்தேசிக்கப்பட்ட பன்னிரண்டு புதிய வீடுகள் கட்டும் திட்டம் தேவையற்றதெனக் கைவிடப்படுகிறது.'

யாரும் கை தட்டவில்லை. மயில்சாமி மட்டும், "அப்ப நாம திருப்தியா இருந்தது தப்பாப் போச்சுங்களா?" என்று கேட்டார். நான் அதை மினிட்ஸில் எழுதவில்லை.

கூட்டம் கலைந்தபின் ரேகா நின்றாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கையில் துணிப் பை.

"அண்ணே, சண்டை போட வரல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் புள்ளையத் தூக்கிட்டு எந்த வீட்டுக்குத் திரும்பி வரணும்?"

"ரேகா, அது வந்து... ஒருங்கிணைப்பாளர்ங்கற முறையில, தாயும் சேயும்னு ஒரு தனிப் பிரிவு ஆரம்பிக்கலாம்னு மேல எழுதியிருக்கேன். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்..."

அவள் என் கழுத்தில் தொங்கிய புது அட்டையை ஒரு தரம் படித்தாள். எழுத்தெழுத்தாக, மெதுவாக. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜீப் ரோட்டைப் பார்த்து இறங்கிப் போய்விட்டாள்.

இன்றும் சொல்கிறேன், இதுபோன்ற திட்டம் இந்தியாவில் வேறெங்கும் இல்லை. சட்டப்படி கம்பெனி கட்டிக்கொடுக்க வேண்டிய வீட்டை, அரை மணி, ஒரு மணி என்று துண்டு போட்டு, சாவியும் ரெஜிஸ்டருமாக உட்கார்ந்து, அதே ஜனத்துக்கு இன்பம் என்று விநியோகம் செய்தோம். கம்பெனிக்கு அந்த யோசனைகூட வரவில்லை. கட்டம் போட்டது நான், அமுக்கியது நான், திரையைச் சரிசெய்ததும் நான். ஆபீஸ் வார்த்தையை நம்பாமல் என் வார்த்தையை நம்பித் தாலி கட்டிக்கொண்டவளுக்கு நான் ஒரு வீடு பாக்கி.